தென்புலத்தார் பெயர்

சில ஆண்டுகளுக்கு முன் எம் அன்னையார் தில்லியில் காலமானார். யமுனைக் கரையில் நிகம்போத் படித்துறையில் எரியூட்டிவிட்டு, எலும்பும் சாம்பலும் அடங்கிய கலயத்துடன் ஹரித்துவாரம் சென்றோம். கங்கைக் கரையில் சடங்கு செய்விக்க வந்த பெரியவர் மூன்று தலைமுறைப் பெண்டிரின் பெயர்களைக் கேட்டார். அன்னையார் பெயரைச் சொன்னோம். தந்தையாரின் அன்னை பெயரையும் சொன்னோம். மூன்றாவதாகப் பாட்டனாரின் அன்னை பெயரைக் கேட்டபோது வாயடைத்து நின்றோம். திருநெல்வேலிச் சீமையில் எம் வீட்டார் அனைவரும் அவ்வம்மையாரை 'ஆச்சி' என்றே அழைத்தனர். அவரைப் பெயர் சொல்லி அழைக்கத்தக்க மூத்தோர் அவருக்கு முன்பே மறைந்துவிட்டனர். எமக்குச் சற்றுத் தள்ளி வடநாட்டுக் குடும்பம் ஒன்று அமர்ந்திருந்தது. அக்குடும்பத்துக்குரிய பண்டா தம் நீண்ட பஹி ஏட்டைப் பிரித்து, அவர்தம் முன்னோர் தலைமுறை தலைமுறையாக அங்கு வந்துபோன செய்தியைப் பெயர் பெயராகப் படித்துக்கொண்டிருந்தார். யாம் அதனைக் கேட்டவாறே கரையேறினோம்.

வீடு திரும்பிய சில நாளில், கூடத்துச் சுவரில் தொங்கும் பழைய நிழற்படம் ஒன்றைக் காட்டி எம் பேத்தி, "தாத்தா, இந்தப் பாட்டி பேரு என்ன?" என்று வினவினாள். அஃது அந்த ஆச்சியின் படம். 2017-இல் வெளிவந்த 'கோகோ' என்னும் கார்ட்டூன் திரைப்படத்தை அவள் பார்த்திருந்தாள். மெக்சிகோ நாட்டார் மறைந்தோருக்கு எடுக்கும் விழாவைப் பின்னணியாகக் கொண்டது அப்படம். உயிரோடிருப்போர் எவரும் நினையாதொழிந்தால் மறைந்தவர் மறுமுறையும் மறைந்துபோவர் என்பது அதன் கதைக்கரு. "பேர் தெரியலைன்னா இந்தப் பாட்டி போயிடுவாங்களா?" என்பது அவளது அடுத்த வினா. குழந்தைக்கு அன்று ஏதோ சொல்லிச் சமாளித்தோம். ஆயினும் அவ்வினா எம்மை விடவில்லை. மறைந்தோரைப் போற்றுவது பற்றி மெக்சிகோவின் எழுத்தாளர் என்ன சொல்லினர், நம் புலவர் என்ன சொல்லினர் என்று ஒப்புநோக்கத் தொடங்கினோம். அதன் பயனே இக்கட்டுரை.

தில்லியில் வாழ்ந்த மெக்சிகோ கவிஞர்

மெக்சிகோவில் ஆண்டுதோறும் நவம்பர் முதல் இரு நாள்களும் மறைந்தோர்க்குரியவை. முதல் நாள் மறைந்த குழந்தைகளுக்கும், இரண்டாம் நாள் பெரியோர்க்கும் உரியதென்பது பொது வழக்கு. வீட்டில் 'ஓஃப்ரெந்தா' என்னும் படையற் பலகை அமைப்பர். மறைந்தவரின் படம், அவர் விரும்பி உண்ட உணவு, நீர், உப்பு, மெழுகுத்திரி ஆகியன அதன்மீது இடம்பெறும். அந்நாளுக்கென்றே சுட்ட ரொட்டியும் உண்டு. சருக்கரையால் செய்த மண்டையோட்டுப் பண்டமும் உண்டு. வாசலிலிருந்து பலகைவரை மஞ்சட் பூவிதழ்களை வழியாகத் தூவுவர். அந்நிறமும் மணமும் ஆவிகளுக்கு வழிகாட்டும் என்பது நம்பிக்கை. அப்பூ வேறொன்றுமன்று. தில்லியில் கேந்தா என்றும் தமிழ்நாட்டில் செண்டுமல்லி என்றும் நாம் வாங்கும் பூவே அது. மெக்சிகோவே அதன் தாயகம். கடல் கடந்து இந்நாட்டுக்கு வந்த பூ அது. நிகம்போத் படித்துறைக்குச் செல்லும் பாடைகளின்மீதும் அப்பூவே கிடக்கக் காண்கிறோம்.

ஸ்பானியர் வருவதற்கு முன்னர் அந்நாட்டுப் பழங்குடியினர் மறைந்தோருக்கு எடுத்த விழாக்களும், ஸ்பானியர் கொணர்ந்த கத்தோலிக்க சமயத்தின் புனிதர் நாளும் ஆன்மாக்கள் நாளும் கலந்து உருவானது இவ்விழா. 2008-இல் யுனெஸ்கோ இதனை மாந்தர் குலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது.

இவ்விழாவைப் பற்றிச் சிந்தித்து எழுதியோருள் தலையாயவர் ஒக்தாவியோ பாஸ். 1990-இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்ற இவர், 1962 முதல் 1968 வரை மெக்சிகோவின் தூதராக நம் தில்லி மாநகரில் வாழ்ந்தவர். லோதி தோட்டத்துக் கல்லறை மாடங்களையும் ஹுமாயூன் கல்லறையையும் பாடியவர், மதுரையையும் பாடியவர். 1968 அக்டோபர் 2 அன்று மெக்சிகோ நகரில் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதைக் கண்டித்துத் தூதர் பதவியைத் துறந்தவர். தில்லிக்கு வருமுன் 1950-இல் அவர் வெளியிட்ட உரைநடை நூலின் பெயரைத் 'தனிமையின் புதிர்வழி' என்று தமிழில் சொல்லலாம். அதில் ஒரு கட்டுரை முழுமையும் மறைந்தோர் விழாவைப் பற்றியது.

அக்கட்டுரையை விழாவின் புகழுரை என்று எண்ணிப் படிக்கத் தொடங்குவோர் ஏமாறுவர். மெக்சிகர் சாவைக் கண்டு ஒளிவதில்லை, அதனோடு விளையாடுகின்றனர் என்று பாஸ் முதலில் சொல்கிறார். அதனோடு நில்லாமல், அவ்விளையாட்டின் அடியில் இருப்பது என்ன என்றும் தோண்டிப் பார்க்கிறார். வாழ்வையே பொருட்படுத்தாத மனம்தான் சாவையும் பொருட்படுத்தாமல் சிரிக்கிறது என்பது அவர் கண்ட முடிவு. ஆண்டு முழுவதும் தனிமையில் வாய் மூடிக்கிடந்த மக்கள் ஒரே இரவில் கூவிக் களித்துத் தம்மை மறக்கின்றனர்; விடிந்ததும் மீண்டும் தனிமைக்குத் திரும்புகின்றனர். தம் நாட்டு விழாவைத் தாமே இவ்வளவு கூர்மையாக ஆராய்ந்த நேர்மை வியக்கத்தக்கது. ஆனால் அவர் ஆராய்ந்தது கூட்டத்தின் மனத்தை. ஒரு வீட்டின் பலகைமுன் அமர்ந்து, இறந்த மகளுக்குப் பிடித்த பண்டத்தைச் செய்து வைக்கும் ஒரு தாயின் மனத்தை அவர் பேசவில்லை. கட்டுரையின் குறை அதுவே என்பது எம் கருத்து.

அக்குறையை நிறைவு செய்தவர் ஹுவான் ருல்போ என்னும் புதின ஆசிரியர். 1955-இல் வந்த 'பெத்ரோ பாராமோ' என்னும் அவரது சிறு புதினத்தில், இறக்குந் தறுவாயிலுள்ள தாய்க்குக் கொடுத்த வாக்கின்படி ஒரு மகன் தான் பார்த்திராத தந்தையைத் தேடித் தாயின் சொந்த ஊருக்குச் செல்கிறான். அவ்வூரில் அவனோடு பேசுவோர் எல்லாரும் இறந்தவர்கள் என்பது மெல்ல மெல்லத் தெரியவருகிறது. தாய் சொல்லக் கேட்ட பசுமையான ஊர் வேறு. அவன் கண்ட ஊர் வேறு. விடுமுறைக்குச் சொந்த ஊர் சென்று, பூட்டிய வீடுகளையும் பெயர் தெரியாத முகங்களையும் கண்டு திரும்பும் நம் பிள்ளைகளுக்கு இப்புதினம் அயல்நாட்டுக் கதையாகத் தோன்றாது.

'நம்மிடமும் உண்டு' என்பதன் எல்லை

இவற்றையெல்லாம் கூறும்போது, "இதில் என்ன புதுமை? நம்மிடம் இல்லாததா?" என்று கேட்பது நம்மவர் வழக்கம். உண்மைதான். கருமாதியிலும் ஆண்டுத் திதியிலும், ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும், புரட்டாசியின் மாளய நாள்களிலும் நாம் மறைந்தோரை நினைக்கிறோம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் புத்தாடை வைத்து, அவர்கள் விரும்பிய உணவைப் படைத்து, காக்கைக்குச் சோறிட்ட பின்னரே உண்ணும் குடும்பங்கள் பல. தாத்தா படத்தின்முன் சுருட்டும் வெற்றிலையும் வைக்கும் வீடுகளை யாம் அறிவோம். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் மெக்சிகர் கொண்டாடும் அதே நவம்பர் 2-ஆம் நாளில் கல்லறைத் திருநாள் கொண்டாடுகின்றனர். கல்லறைகளைத் துப்புரவு செய்து, பூச்சூட்டி, மெழுகுத்திரி ஏற்றுகின்றனர். திருவள்ளுவரும் இல்லறத்தான் பேணவேண்டிய ஐவருள் தெய்வத்துக்கும் விருந்துக்கும் முன்னதாகத் தென்புலத்தாரை வைத்தார். பரிமேலழகர் அச்சொல்லுக்குப் படைப்புக் காலத்தில் தோன்றிய ஒரு கடவுட் குலத்தார் என்று பொருள் கொண்டாலும், மக்கள் வழக்கு அதனை நம் முன்னோர் என்றே கொண்டுவிட்டது.

எனினும் 'நம்மிடமும் உண்டு' என்று சொல்லி முடித்துக்கொள்வது ஆராய்ச்சி ஆகாது. அயலார் விழாவை ஒரு கண்ணாடியாகக் கொண்டு நம் முகத்தைப் பார்க்கவேண்டும். அவ்வாறு பார்க்கையில் ஒரு பெரிய வேற்றுமை புலப்படுகிறது. மெக்சிகோவில் மறைந்தோர் விருந்தினராக வருகின்றனர்; வாழ்வோர் வீட்டில் காத்திருக்கின்றனர். நம் சங்கப் பாடல்களிலோ மறைந்தவர் வருவதில்லை. அவர் கல்லாகி வழியோரம் நிற்கிறார். வாழ்வோர்தாம் அவரைத் தேடிச் செல்கின்றனர்.

ஒளவையாரின் ஐயம்

புறநானூற்றின் 232-ஆம் பாடலை எடுத்துக்கொள்வோம். அதியமான் இறந்தான். அவனுக்குக் கல் நட்டு, மயிற்பீலி சூட்டி, சிறு கலத்தில் கள்ளை வார்க்கின்றனர். அருகில் நிற்கும் ஒளவையார் கேட்பது ஒரே ஒரு வினா. மலை உயர்ந்த நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன், இந்தச் சிறு கலத்தை வாங்கிக்கொள்வானா?

இவ்வினாவின் ஆழத்தை உரையாசிரியர்கள் போதுமான அளவு எடுத்துக்காட்டவில்லை என்று எமக்குத் தோன்றுகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இது அதியமானின் மானத்தைப் புகழ்வது. உள்ளே சென்று பார்த்தால் படையல் என்னும் செயலையே ஐயுறுவது. படைப்பவர் எவரும் உள்ளத்துள் கேட்டுக்கொண்டு, வெளியே சொல்லக் கூசும் வினா இது: அவர் உண்கிறாரா? ஒளவையார் சடங்கை இகழவில்லை, நிறுத்தவும் சொல்லவில்லை. கள் வார்க்கப்படுகிறது, வினாவும் நிற்கிறது. பாஸ் கண்ட விழாக்கூட்டம் கூச்சலில் மறைத்த துயரத்தை ஒளவையார் மறைக்காமல் வெளியே வைக்கிறார். கையறுநிலை என்று நம் முன்னோர் இட்ட துறைப்பெயர் எவ்வளவு பொருத்தமானது! செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கையற்று நிற்பதை ஒப்புக்கொள்ளும் பாடல் அது.

பொத்தியாரின் பாடல்கள் இதற்கு மறுபக்கம். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர் நீத்தபோது, தம்மோடு வடக்கிருக்க வந்த பொத்தியாரை, மகன் பிறந்த பின் வருக என்று திருப்பி அனுப்பினான். அவர் மகனைப் பெற்ற பின் மீண்டும் வந்து நடுகல்லின்முன் நின்று, எனக்குரிய இடம் எது என்று கேட்கிறார். கல்லான பின்னும் நண்பனுக்கு இடம் கொடுத்தான் என்று அடுத்த பாடல் சொல்கிறது. ஒளவையாருக்குக் கல் பேசவில்லை. பொத்தியாருக்குக் கல் இடம் தருகிறது. இரண்டையும் ஒரே நூலில் வைத்துக் காத்த தொகுப்பாளரின் நடுவுநிலைமையை நாம் போற்றவேண்டும். மறைந்தோர் பற்றித் தமிழ் இலக்கியம் ஒரே விடையை நம்மீது சுமத்தவில்லை.

ஆனால் எல்லாப் பாடல்களும் ஒத்துக்கொள்ளும் செய்தி ஒன்று உண்டு. கல்லில் பெயர் இருக்கவேண்டும். அவர் செய்த செயல் இருக்கவேண்டும். 2006-இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த நடுகற்களில் தமிழ்ப் பிராமி எழுத்து உள்ளது. அவற்றுள் ஒன்று கூடலூரில் நடந்த ஆநிரைப் போரில் இறந்த ஒருவனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூர் என்னும் ஊரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று உண்டு. வீரனோடு சேர்ந்து அவன் நாயும் அக்கல்லில் செதுக்கப்பட்டுள்ளது. கள்வரைக் கடித்துக் காத்த அந்நாயின் பெயர் கோவிவன் என்று கல் கூறுகிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு நாயின் பெயரை நாம் அறிவோம். நூறாண்டுக்குள் மறைந்த எம் ஆச்சியின் பெயரை யாம் அறியோம். இதனை எழுதும்போது எம் தலை தாழ்கிறது.

கல்லைப் படிப்பவன் யார்?

நடுகல்லைப் பற்றி நாம் பேசும்போது புறநானூற்றோடு நிறுத்திக்கொள்கிறோம். அகநானூற்றின் பாலைப் பாடல்களையும் உடன் வைத்துப் படிக்கவேண்டும். பொருள் தேடிப் பிரியும் தலைவன் செல்லும் வழியில்தான் நடுகற்கள் நிற்கின்றன. அவன் கடக்கும் சுரத்தில், வெயிலிலும் மழையிலும் தேய்ந்த எழுத்துகளை வழிப்போக்கர் நின்று படிக்க முயல்கின்றனர். எழுத்துத் தேய்ந்தமையால் தொடர்ந்து படிக்க முடியவில்லை என்கிறது ஒரு பாடல். வேறு பொருள்படப் படித்துப்போகின்றனர் என்கிறது மற்றொன்று.

இதிலிருந்து யாம் கொள்ளும் கருத்து இது. தமிழ் இலக்கியத்தில் மறைந்தோரின் பெயரைப் படிப்பவன் ஊரிலேயே தங்கியவன் அல்லன். பிழைப்புத் தேடி ஊரைவிட்டுப் புறப்பட்டவன். அவன் அப்பெயரைத் தப்பாகப் படித்தால் அப்பெயர் தப்பாகவே நிற்கும்; படிக்காமல் கடந்தால் மறைந்தே போகும். வழிச்செல்வோனே, வணங்காமல் கடந்து போகாதே என்று புறநானூற்றுப் புலவர் ஒருவர் வேண்டிக்கொள்வதும் அதனாலேயே. 1911-இல் அறிவிக்கப்பட்டு 1931-இல் திறக்கப்பட்ட புதுதில்லிக்கு அரசு அலுவலகங்களை நம்பி வந்த நம் முன்னோரும், அவர்க்குப் பின் வந்த நாமும் பாலை வழியில் வந்தவர்களே. பழைய பாடலின் வழிப்போக்கன் நாமே.

இமயத்துக் கல்

ஊரைவிட்டு வந்தவர்க்கு முன்னோரின் கல் எங்கே என்று கேட்கலாம். இதற்கு விடை சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில் உள்ளது. நடுகல்லுக்குத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளை வகுத்தது. போரில் மாண்ட வீரனுக்குரிய அம்முறையை இளங்கோவடிகள் ஒரு பெண்ணுக்கு உரியதாக்கினார். ஆறனுள் ஐந்தின் பெயரைத் தம் காதைகளுக்கும் இட்டார். வாளெடுக்காத கண்ணகிக்கு வீரர்க்குரிய கல் கிடைத்தது. நடுகற்களில் மிகுதியும் ஆடவர் பெயரே காணும் நாட்டில் இஃது எத்துணைப் பெரிய செயல்!

அக்கல் எங்கிருந்து வந்தது என்பதும் சிந்திக்கத்தக்கது. பொதியிலில் கல்லெடுத்துக் காவிரியில் நீராட்டலாம். இமயத்தில் கல்லெடுத்துக் கங்கையில் நீராட்டலாம். இரு வழிகளுள் சேரன் செங்குட்டுவன் தேர்ந்தது இரண்டாவது. இதனை வெற்றிச் செருக்காகவே பலர் படித்துள்ளனர். கனகவிசயர் முடிமேல் கல்லேற்றியதைத் தமிழர் வீரமென்று மேடைதோறும் முழங்கியும் உள்ளோம். தில்லியில் வாழும் நமக்கு அது போதாது. வடநாட்டு மன்னர் தலையில் கல்லேறிய காட்சியைவிட, கங்கைக் கரையில் செங்குட்டுவன் தங்கிய இரவே எம் நெஞ்சில் நிற்கிறது.

அங்கே அவன் வானத்துப் பிறையைப் பார்க்கிறான். வஞ்சியை நீங்கி முப்பத்திரண்டு திங்கள் ஆயின என்று கணியன் கூறுகிறான். மாடலன் என்னும் மறையோன் அங்கு வந்து ஊர்ச் செய்தி சொல்கிறான். மதுரையில் நிகழ்ந்ததை அவன் புகாரில் போய்ச் சொன்னபோது, கேட்டவர் சிலர் உயிர் விட்டனர். கோவலன் தாயும் கண்ணகி தாயும் இறந்தனர். தந்தையர் இருவரும் துறவு பூண்டனர். மாதவியும் துறந்தாள். தன் வாய்ச்சொல் கேட்டு உயிர்கள் போயினவே என்று வருந்தி, அப்பழி தீரக் கங்கையாட வந்ததாக மாடலன் கூறுகிறான். நள்ளிரவில் மணியடித்த தொலைபேசியில் ஊர்ச் சாவைக் கேட்டவர்க்கும், அச்செய்தியை எடுத்துச் சொல்ல நேர்ந்தவர்க்கும் மாடலன் யார் என்று விளக்க வேண்டுவதில்லை. சாவுக்குப் போய்ச் சேர இயலாதவன் கங்கைக் கரையில் இருந்து ஊரை நினைக்கும் நினைவுக்குக் காப்பியத்தில் இடம் உண்டு என்பதே நமக்குப் பெரிய ஆறுதல்.

இளங்கோவடிகள் காட்டும் உண்மை இதுதான்: நினைவு ஓரிடத்தில் கட்டுண்டதன்று. புகாரில் பிறந்து, மதுரையில் கணவனை இழந்து, சேரநாட்டு மலையில் விண்ணேறியவளுக்கு வடக்கே இமயத்தில் எடுத்த கல் வஞ்சியில் நடப்பட்டது. கல் நடந்தது. எடுத்துச் செல்வார் இருந்ததால் நடந்தது.

ஒப்பாரியும் கல்வெட்டும்

காப்பியத்துக்குப் பின் இம்மரபு எங்கே சென்றது? பெண்டிர் வாயில் ஒப்பாரியாக வாழ்ந்தது. நா. வானமாமலை 1964-இல் வெளியிட்ட 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' போன்ற தொகுப்புகள் ஒப்பாரியையும் ஏட்டில் ஏற்றின. ஒப்பாரியின் உருக்கத்துக்கு ஈடு இல்லை. ஆயினும் அதில் ஒரு குறை உண்டு. இறந்தவரை அம்மா என்றும் ஐயா என்றும் ராசா என்றும் உறவும் செல்லப்பெயரும் கொண்டே அழைப்பர். கணவன் பெயரைச் சொல்லாத பெண்டிர் பாடியது ஆதலால் பெயர் அதில் ஒளிந்துகொண்டது. உறவு நின்றது, பெயர் கரைந்தது. எம் ஆச்சிக்கு நேர்ந்ததும் அதுவே.

பெயரைக் காத்தவர் ஈழத்து யாழ்ப்பாணத்தார். அங்கே ஒருவர் மறைந்தால் முப்பத்தோராம் நாட் சடங்கின்போது நினைவு மலர் ஒன்றை அச்சிட்டு வந்தோர்க்கு வழங்குவது நெடுநாள் வழக்கு. அம்மலரை, அல்லது அதில் இடம்பெறும் பாடற்பகுதியை, அவர்கள் என்ன பெயரால் அழைக்கின்றனர் தெரியுமா? 'கல்வெட்டு' என்கின்றனர். கல் தாளாகிவிட்டது, பெயர் மாறவில்லை. நடுகல் மரபு இன்றும் உயிரோடிருப்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

திறனாய்வு நோக்கில் உண்மையைச் சொல்லவேண்டும். கல்வெட்டுப் பாடல்களுள் பல இலக்கியத் தரத்தில் உயர்ந்தன அல்ல. எல்லாரும் நற்குணக் குன்றுகள். எல்லார்க்கும் ஒரே அடைமொழிகள். பெயரை மாற்றினால் ஒருவருக்குரிய பாடல் மற்றவர்க்கும் பொருந்திவிடும். மெக்சிகர் இந்நாளில் எழுதும் 'கலவேரா' என்னும் கேலிப் பாட்டு இவ்வகையில் நமக்குப் பாடம் தரும். உயிரோடிருக்கும் நண்பரையும் தலைவரையும் சாவு வந்து அழைப்பதாகக் கற்பனை செய்து, அவரவர்க்கே உரிய கோணல்களைச் சொல்லிச் சிரிக்கும் பாட்டு அது. அது பொருந்தும் ஆள் ஒருவரே. நம் இரங்கற் பாடல்களுக்கும் அத்தகைய தனித்தன்மை வேண்டும். நாட்டைக் கொடுத்தாலும் வாங்காதவன் என்று ஒளவையார் பாடியது அதியமான் ஒருவனுக்கே பொருந்தும்.

ஆனால் நினைவு மலரின் உரைநடைப் பக்கங்கள் பொன் போன்றவை. பிறந்த ஊர், பெற்றோர், கொண்டோர், பிள்ளைகள், செய்த தொழில், கட்டிய கிணறு, படிப்பித்த பள்ளி எல்லாம் அங்கே இருக்கும். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டதைக் கண்ட மக்கள் தாளின் அருமையை அறிவர். இன்று 'நூலகம்' என்னும் இணையத் தொகுப்பில் இத்தகைய நினைவு மலர்களும் காக்கப்படுகின்றன. புலம்பெயர்ந்து அயல்நாடுகளில் வாழ்வோரும் இவ்வழக்கைக் கைவிடவில்லை.

நமக்குரிய பணி

விழாவுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. 2015-இல் வந்த ஜேம்ஸ் பாண்டு திரைப்படம் ஒன்றில் மெக்சிகோ நகரத் தெருக்களில் மறைந்தோர் விழாவின் பேரூர்வலம் காட்டப்பட்டது. அத்தகைய ஊர்வலம் அந்நகரில் அதுவரை நடந்ததில்லை. படத்தைப் பார்த்தபின், 2016 முதல், உண்மையாகவே நடத்தத் தொடங்கினர். மக்கள் திரள்கின்றனர், நகரம் செழிக்கிறது. அதனை யாம் பழிக்கவில்லை. ஆயினும் ஊர்வலத்தில் வரும் மண்டையோட்டுக்குப் பெயர் இல்லை. வீட்டுப் பலகைமேல் உள்ள படத்துக்குப் பெயர் உண்டு. நாமும் தில்லியில் விழாக்களுக்குக் குறைவில்லாமல் வாழ்கிறோம். திதி தவறுவதில்லை; படையல் தவறுவதில்லை. தவறிப்போவது பெயர்தான். அதிலும் பெண்டிர் பெயரே முதலில் தவறுகிறது.

எம் ஆச்சியின் பெயரை ஊரில் எஞ்சியிருந்த முதியோரிடமெல்லாம் கேட்டுப் பார்த்தோம். பழைய நிலப் பத்திரங்களைப் புரட்டினோம். அவற்றில் ஆடவர் பெயர்களே இருந்தன. இன்றுவரை கிடைக்கவில்லை. அகநானூறு கூறிய தேய்ந்த எழுத்து இதுதான் போலும். எம் தந்தையார் இருந்தபோது ஒரு நாள் கேட்டிருந்தால் நொடியில் சொல்லியிருப்பார். யாம் கேட்கவில்லை.

தில்லித் தமிழ்க் குடும்பங்களில் எண்பது தொண்ணூறு வயதுப் பெரியோர் இன்னும் பலர் உள்ளனர். ஹரித்துவாரத்துப் பண்டாவின் பஹி ஏட்டில் வடநாட்டார் பெயர்கள் காக்கப்பட்டது போல, நம் வீட்டிலும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கலாகாதா? முதற் பக்கத்தில் பாட்டிமார் பெயர்கள், பிறகு தாத்தாமார், ஒவ்வொருவரின் எதிரிலும் அவர் ஒருவருக்கே பொருந்தும் ஒரு செய்தி. அவர் எந்தப் பலகாரத்தைச் சுவையாகச் செய்வார், எந்தப் பாட்டை முணுமுணுப்பார், எதற்குக் கோபிப்பார், ஊரைவிட்டு எந்த ஆண்டு எந்த ரயிலில் வந்தார் என்று எழுதினால் போதும். தமிழ் எழுதத் தடுமாறும் பேரப்பிள்ளைகளையே எழுதச் சொல்லலாம். அவர்களுக்கு அதுவே தமிழ்ப் பாடமும் ஆகும். தென்புலத்தார் என்ற சொல்லுக்குத் தில்லியில் இரண்டு பொருள் உண்டு. மறைந்த முன்னோரும் தென்புலத்தார். ஊரில் நமக்காகக் காத்திருக்கும் முதியோரும் தென்புலத்தார். இரண்டாமவரிடம் கேட்டால்தான் முதலாமவர் பெயர் கிடைக்கும்.

எம் பேத்தி இப்போது தன் பாட்டியிடம் கேட்டுக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வருகிறாள். ஆச்சியின் படத்துக்கு நேராகப் பெயருக்குரிய இடத்தை வெற்றிடமாக விட்டு, அதன் கீழே "தாத்தாவோட அப்பாவுக்குப் பாட்டி, நல்லா சிரிப்பாங்க" என்று எழுதியிருக்கிறாள். நிழற்படத்தைப் பார்த்து அவளே கண்டுகொண்ட செய்தி அது. வாசகர் வீட்டு நோட்டில் இத்தகைய வெற்றிடம் விழாதிருக்கவேண்டுமாயின், அடுத்த முறை ஊருக்குப் பேசும்போது நலம் விசாரித்த பின் ஒரு பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டுகிறோம்.